இதய மட்டம் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே பிரஷர் பார்ப்பது பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தகவலில் பிழை இல்லை. ஆனால் 'கையை இதய மட்டத்தில் வைக்கவும்' என்ற வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் கூச்சமும் சேர்ந்தே வந்தன. இதே மாதிரி வரிகளை எழுதித்தான் 18 வருஷம் சம்பளம் வாங்கினேன். மருத்துவக் கருவிகளுக்குக் கையேடு எழுதுவது என் வேலை.

அம்மாவுக்கு பிரஷர் மெஷின் வாங்கியபோது, நானே எழுதிய கையேட்டைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'இதய மட்டம்' வந்ததும் அம்மா போய்ப் படுத்துக்கொண்டார். "உட்கார்ந்தால் கை கீழே போயிடுது. படுத்தால்தானே ரெண்டும் ஒரே மட்டம்?" என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு? மேசைமேல் தலையணை வைத்து, மெஷினின் பட்டையைக் கையில் கட்டிய இடம் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி கையை அதன்மேல் சாய்த்து வையுங்கள் என்று நான்தான் எழுதவில்லை. கை 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால் அளவு 7, 8 கூடுதலாகக் காட்டும் என்ற காரணத்தையும் சொல்லவில்லை. அதைச் சொன்ன பிறகு அம்மா ஒருநாளும் கையைத் தொங்கவிட்டதில்லை.

அப்புறம் 'தமனிக் குறி'. பட்டையில் அந்தக் குறி இருக்கிறது, சரி. தமனி என்பது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் நாளம்; அது கையில் எங்கே என்று யாருக்குத் தெரியும்? பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே, அதன் காற்றுக் குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்க வேண்டும் என்றால் முடிந்தது.

சிஸ்டாலிக் என்பதை 'சுருக்க அழுத்தம்' என்று தமிழாக்கினாலும் பெரிய பலன் இல்லை. மெஷினில் மேலே தெரியும் எண், இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழே தெரிவது அது தளரும்போது உள்ளது. இப்படிச் சொன்னால் துல்லியம் போய்விடும் என்று மருத்துவர்கள் சிலர் என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். துல்லியம் போவது வேறு இடத்தில்: எளிமை என்ற பெயரில் '5 நிமிடம் அசையாமல் உட்காரவும்' என்பதை 'சற்று ஓய்வெடுக்கவும்' என்று மாற்றும்போது. சற்று என்றால் அம்மாவுக்கு அரை நிமிஷம்.

அடுத்த கட்டுரை இன்ஹேலர் பற்றி என்று போட்டிருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் முன், அதைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கட்டுரையையும் காலி இன்ஹேலரையும் கொடுத்துப் பாருங்கள். எழுதியவர் பக்கத்தில் இருக்கலாம், பேசக் கூடாது.

இப்படிக்கு,
கையேடு எழுதிய ஒரு வாசகி