மரைன் டிரைவ் நடைபாதையில சைக்கிளும் நடக்கிற சனமும்: திரும்பவும் ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: வெள்ளவத்தைப் பக்க வீதிகளுக்குப் பொறுப்பான அதிகாரி ஐயா அவர்கள்

ஐயா,

வணக்கம். இதே விசயமா முந்தியும் கடிதம் தந்தனாங்கள், நேரிலயும் வந்து ஞாபகப்படுத்தினனாங்கள், பைல் மேல போயிருக்கு எண்டு சொல்லி அனுப்பினவை, அதோட சரி. உங்களுக்கு இருக்கிற வேலை எங்களுக்கு விளங்குது, அதால திரும்பவும் பணிவாத்தான் எழுதுறம்.

இடம் உங்களுக்குத் தெரியாததில்லை. ராமகிருஷ்ண வீதி, பிரெட்ரிகா வீதியெல்லாம் வந்து முட்டுற மரைன் டிரைவில, ரயில் பாதையை ஒட்டிப்போற பேவ்மென்ற். பின்னேரம் அஞ்சு மணிக்கு ஒருக்கா வந்து நிண்டு பாருங்கோ, நாங்கள் எழுதுறதே தேவையில்லாமப் போயிடும்.

1. சைக்கிள்காரரை விரட்டச் சொல்லி நாங்கள் கேக்கேல்லை. 2022ல பெற்றோல் கியூவில நிண்டு களைச்ச பிறகு எங்கட வீடுகளிலயும் சைக்கிள் வாங்கினது, எங்கட பிள்ளையளும் அதிலதான் ரியூசனுக்குப் போகினம். ரோட்டில ஓடச் சொன்னா அதுகள் எங்க ஓடுறது? ஓரம் முழுக்க வேனும் காரும் நிப்பாட்டிக் கிடக்கு, அதைச் சுத்தி வெட்டி எடுக்கேக்க பின்னால கார் பறந்து வருது. பயத்தில பேவ்மென்ற்ல ஏறுகினம்.

2. இதுதான் ஐயா எங்களுக்கு ஆகப் பெரிய கஷ்டம், தயவுசெய்து இதை மட்டுமாவது முழுசா வாசியுங்கோ. நடக்க வாறதில அரைவாசிப்பேர் வயசாளியள், பிரஷர், சுகர் எண்டு டொக்டர் நடக்கச் சொல்லி வாறவை. கன பேருக்குக் காது மட்டு. சைக்கிள் பின்னால இருந்துதான் வருது, பெல் இல்லை, இருந்தாலும் அடிக்கிறேல்லை, அடிச்சாலும் அந்த நேரம் பார்த்து ரயில் போச்செண்டா காது நல்லாக் கேக்கிற எங்களுக்கே ஒண்டும் கேக்காது. நடக்கிறவர் மணிக்கு அஞ்சு கிலோமீற்றர் போனா சைக்கிள் பதினைஞ்சு இருவதில வருது, அவை திரும்பிப் பார்க்கிறதுக்கிடையில வந்து இடிச்சிடும். எங்கட பிளற்றில இருக்கிற அன்ரி ஒராளை இப்பிடித்தான் ஹாண்டில் தட்டி விழுத்தினது, மணிக்கட்டு முறிஞ்சுது. முறிஞ்சது பொருந்தியிட்டுது ஐயா, பயம் போகேல்லை, அவ இப்ப கீழ இறங்கிறதே இல்லை. பிள்ளையள் கனடாவில இருந்து கோல் எடுத்து "நடந்தனீங்களோ அம்மா" எண்டு கேட்டா, ஓமெண்டு பொய் சொல்லுறா. நாலாம் மாடியில ரெண்டு அறைக்குள்ள இருக்கிற மனுசருக்கு இந்தக் கடற்கரைதான் முற்றம். அதையும் பறிச்சா அவை எங்க போறது?

3. இருட்டின பிறகு லைற் இல்லாம வாற சைக்கிள். ரெண்டு மூண்டு தெருவிளக்கும் எரியிறேல்லை.

4. நடக்கிற ஆக்களிலயும் பிழை இருக்கு, மறைக்கேல்லை. நாலு பேர் கைகோத்துப் பாதையை அடைச்சுக்கொண்டு போறது, ரெண்டு காதிலயும் இயர்போன் போடுறது, போன் பார்த்துக்கொண்டே திடீரெண்டு நிக்கிறது. எங்கட ஆக்களுக்கு நாங்கள் சொல்லுறம். ஆனா எந்தப் பக்கம் ஆருக்கு எண்டு ஒரு கோடு கூட இல்லாத இடத்தில, ஆருக்கு என்னெண்டு சொல்லுறது?

5. நாங்கள் கேக்கிறது பெரிய காசு முடியிற வேலை இல்லை. பாதை அகலமான இடங்களில கோடு கீறி, சைக்கிளுக்கு ஒரு பக்கம் நடக்கிறவைக்கு ஒரு பக்கம் எண்டு படம் போட்டு விடுங்கோ, உப்புக்காத்தில பெயின்ற் கெதியாப் போயிடும், அதால வருசா வருசம் திரும்ப அடிக்கவும் வேணும். ஒடுங்கின இடங்களில "இறங்கி உருட்டிக்கொண்டு போகவும்" எண்டு போர்ட், சிங்களம் தமிழ் இங்கிலிஷ் மூண்டிலயும். மெதுவா ஓடு, பெல் அடி, முந்தேக்க தள்ளிப் போ, நடக்கிறவைக்கு முதல் வழி விடு, இவ்வளவும் அந்த போர்ட்டில எழுதினாக் காணும். ரோட்டோரம் நிக்கிற வேனுகளை எடுக்க பொலிசோட கதையுங்கோ, அதை எடுத்தா அரைவாசிச் சைக்கிள் தானா ரோட்டில இறங்கிடும். உடைஞ்ச கல்லுகளையும் மாத்துங்கோ, அதுக்கு விலத்திப் போய்த்தான் நடக்கிறவை சைக்கிளுக்கு முன்னால போய் நிக்கினம்.

6. எத்தினை தரம் ஐயா எழுதுறது? இன்னும் ஒராள் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் அந்த பைல் திறக்குமோ? கோவத்தில எழுதிட்டம் எண்டு நினைக்காதேங்கோ, பயத்தில எழுதுறம்.

தயவுசெய்து ஒருக்கா பின்னேரம் நேரில வாங்கோ, எங்கட ஆக்கள் கூட வந்து இடத்தைக் காட்டுவினம். கோட்டையும் போர்ட்டையும் எப்ப போடுவீங்கள் எண்டு எழுத்தில ஒரு பதில் தாங்கோ. கையெழுத்துப் போட்ட ஆக்களின்ர பட்டியல் இதோட இணைச்சிருக்கு.

இப்படிக்கு,
மரைன் டிரைவ் பக்கக் குடியிருப்பாளர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06