பந்தியில் கார்டு வைத்தவனுக்கு

அன்புள்ள முருகா,

அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி சொன்னாள். நிம்மதி. இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். இனி உன் விஷயம்.

திருச்சியில் சோலார் பேனல் பொருத்தும் தொழில், ஆயிரம் விசிட்டிங் கார்டு, எல்லாம் கேள்விப்பட்டேன். குண்டன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் ஒரு கார்டு வைத்தாயாமே? பாயசத்துக்கு முன்பா, பின்பா? கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டிய கை இன்னும் அடங்கவில்லை.

ஆனால் ஆள் பிடித்துத் தரும் எலக்ட்ரீஷியனுக்கு ஆர்டருக்கு இரண்டாயிரம் கமிஷன் என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேண்டாம். நீ இரண்டாயிரம் கொடுத்தால் அடுத்தவன் மூவாயிரம் கொடுப்பான். எலக்ட்ரீஷியன் அங்கே போய்விடுவார். வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தால், தான் இருபது வருடம் நம்பி வயரிங் வேலை கொடுத்த எலக்ட்ரீஷியன் தன்னை விற்றுவிட்டார் என்றுதான் நினைப்பார். அந்த எலக்ட்ரீஷியன் உனக்குத் தருவது போன் நம்பரை அல்ல, தன் பெயரை. அதற்குப் பதிலாக அவருக்கு வேலை கொடு. நீ பேனல் மாட்டும் வீட்டில் எர்த்திங் போட வேண்டும், பழைய வயரை மாற்ற வேண்டும். அதை அவரிடம் விடு. அவர் அனுப்பிய வீட்டில் என்ன நடந்தது என்று அன்று மாலையே போன் செய்து சொல். ஆர்டர் கிடைக்கவில்லை என்றாலும் சொல். பலர் இதைச் செய்வதே இல்லை, அனுப்பியவரும் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்.

தொழில் செய்பவர்கள் வாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கூடி, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் பரிந்துரைக் குழுவில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். இங்கே கோவையில் ஒன்றுக்கு விருந்தாளியாகப் போனேன். ஆளுக்கு ஒரு நிமிடம், கைதட்டல், இட்லி. கேலி செய்தாலும் யோசனை மோசமில்லை. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கியபோது தொழிலுக்கு ஒருவர் என்றுதான் சேர்த்தார்கள்; ஆரம்பத்தில் ஒருவருக்கொருவர் வியாபாரம் தேடித் தருவதும் அதில் உண்டு. 1985-இல் கலிபோர்னியாவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. என்ற பரிந்துரைக் குழு அமைப்பு அதையே முழுநேர நோக்கமாக்கிக்கொண்டது. சேருவதென்றால் சேர். சேருவதற்கு முன், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யார் உன் வாடிக்கையாளரை உனக்கு முன்பே பார்க்கிறார் என்று மட்டும் கவனி. வீடு கட்டும் என்ஜினியர், இன்வர்ட்டர் பேட்டரி கடைக்காரர், வீட்டுக்கடன் பார்க்கும் வங்கி ஊழியர். இந்த மூவர் இல்லாத குழுவில் நாற்பது பேர் இருந்தும் உனக்குப் பயனில்லை.

அவர்களிடம் "யாருக்காவது சோலார் வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லாதே. யார் முகமும் அவர்கள் நினைவுக்கு வராது. "சொந்த வீடு, நிழல் விழாத மொட்டை மாடி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டி மின்கட்டணம் கட்டுபவர்" என்று சொல். அடுத்த தெரு வாத்தியார் வீடு உடனே ஞாபகம் வரும். மூன்று கிலோவாட் சோலார் பேனல் பொருத்தினால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல். அவர்கள் பேச்சைத் தொடங்க அது உதவும்.

நம் கூட்டாளிகளை மட்டும் நம்பாதே என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் சொன்னவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆட்களே உதவியிருக்கிறார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. எனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் உனக்கும் தெரியும், குண்டனுக்கும் தெரியும். நாம் மூவரும் சுற்றிச் சுற்றி ஒரே பத்துப் பேரைத்தான் பரிந்துரைப்போம்.

ஸ்ரீரங்கத்தில் எனக்குப் பழக்கமான என்ஜினியர் ஒருவர் இருக்கிறார். நம்பர் தருகிறேன், இப்போது அல்ல. நீ மாட்டிய ஒரு வீட்டை நான் வந்து மாடி ஏறிப் பார்க்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே, அங்கே நான் கொடுக்கப்போவது என் பெயரை. அடுத்த மாதம் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன். ஏணி தயாராக இருக்கட்டும்.

அன்புடன்,
ஒல்லி