அம்மாவின் பில்களோடு ஒரு கடிதம்

அம்பாசமுத்திரம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சங்கரா,

அம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நிமோனியா தணிந்துவிட்டது, பிடிவாதம்தான் தணியவில்லை. ஆற்றில் ஒரு முங்கு போட்டால்தான் உடம்பு தேறுமாம். அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாம் இந்தக் கவரில் இருக்கின்றன. நகல் எடுத்து வைத்துக்கொண்டு கிளெய்முக்கு அனுப்பு.

உன் கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு பட்ட பாட்டைக் கேள். இங்கே சேர்த்த ஆஸ்பத்திரியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நாங்க லிஸ்டுல இல்ல சார், பாளையங்கோட்டை போனா கேஷ்லெஸ் கிடைக்கும், கையிலருந்து கட்ட வேண்டாம்" என்றார்கள். மூச்சு வாங்குகிறவர்களை ஒரு மணி நேரம் பஸ் ரோட்டில் குலுக்கிக்கொண்டு போகவா? கைக்காசைக் கட்டிவிட்டேன். சென்னையில் தெருவுக்குத் தெரு செல்லுகிற கார்டு, இங்கே வெறும் பிளாஸ்டிக்.

ஒன்று மட்டும் நமக்குச் சாதகம். உன் பாலிசித் தொகை 3 லட்சம், அறை வாடகைக்கு அதில் ஒரு சதவீதம் வரைதான், அதாவது நாளைக்கு 3,000. அதற்குள் இங்கே ஏசி அறையே கிடைத்துவிட்டது. சென்னையில் வாடகை அதைத் தாண்டியிருந்தால், அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸிலும் இன்ஷூரன்ஸ்காரன் வெட்டியிருப்பான்.

எங்கள் மில்லில் இன்ஷூரன்ஸ் என்றால் இ.எஸ்.ஐ.தான், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. சம்பளத்தில் 0.75 சதவீதம் என்னிடம் பிடிப்பார்கள், 3.25 முதலாளி போடுவார். மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அதுவும் கிடையாது. இன்கிரிமென்ட் வேண்டாம் என்று கெஞ்சிய ஒரு மேஸ்திரியை எனக்குத் தெரியும்! வண்ணார்பேட்டை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு என்று நானும் முணுமுணுத்தவன்தான். ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் வருஷம் 120 ரூபாய் கட்டி, நானும் என் வீட்டுக்காரியும் அங்கேயே பார்த்துக்கொள்கிறோம். குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் பீடி சுற்றும் அக்காவுக்கு இதுவும் இல்லை. பீடித் தொழிலாளர் அட்டையோடு முக்கூடல் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவாள்.

உனக்கு மார்ச்சோடு வேலை முடிகிறதே, அன்றோடு கார்டும் முடியும். அம்மாவுக்கும் சேர்த்துத்தான். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசியாக மாற்றித் தருவார்களா என்று இப்போதே எழுதிக் கேள். அப்படி மாற்றினால், பழைய நோய்களுக்குப் பணம் தராமல் காக்கவைக்கும் காத்திருப்புக் காலத்தை முதலிலிருந்து எண்ணாமல் இருப்பார்கள். பிரீமியத்தைப் பார்த்து மயங்கி விழாதே, அதற்கும் இப்போதைக்கு கார்டு செல்லும்.

மதினியைக் கேட்டதாகச் சொல். பணத்துக்கு அவசரமில்லை, கிளெய்ம் வந்த பிறகு அனுப்பினால் போதும்.

உன்,
இசக்கிமுத்து