கைகளை உதறும் குழந்தைகளைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஒரு குழந்தை வகுப்பில் அடிக்கடி இரண்டு கையையும் படபடவென்று உதறுகிறது, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே ஏதோ முனகுகிறது என்று என் பெண் சொல்கிறாள். டீச்சர் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறாராம். கண்டிக்க வேண்டாமா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். கூட்டம் முடிகிற நேரம் என்பதால் இரண்டு வரியில் ஏதோ சொல்லி உட்கார வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது. கடிதம் கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ஆசிரியர்களைக் கண்டிக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பது நான்தான். ஆட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதிலும் சுற்றியிருப்பதை உணர்வதிலும் மூளை வேறுவிதமாக வளர்ந்திருப்பது. அது உள்ள குழந்தைகள் நம் பள்ளியில் பல வகுப்புகளில் இருக்கிறார்கள். யார் யார் என்று இங்கே எழுத மாட்டேன். அதை வெளியில் சொல்வதா வேண்டாமா என்பது அவர்களும் அவர்கள் வீட்டாரும் எடுக்க வேண்டிய முடிவு.

கையை உதறுவது, உடம்பை ஆட்டுவது, நின்ற இடத்திலேயே சுற்றுவது, விரல்களைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டிப் பார்ப்பது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, துணியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பது, சட்டைக் காலரைக் கடிப்பது, இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஸ்டிம்மிங் என்று பெயர். ஆட்டிசம் பற்றிய முன்னோடிக் கட்டுரைகளில் ஒன்று லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் எழுதியது. அவர் பார்த்த 11 குழந்தைகளில் ஒரு சிறுவன் கையில் கிடைத்ததையெல்லாம் தரையில் சுழற்றிவிட்டு மகிழ்ச்சியில் குதித்ததை அதில் குறித்திருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், இதையெல்லாம் எப்படி நிறுத்துவது என்றுதான் பெரும்பாலும் யோசித்தார்கள். ஏன் செய்கிறீர்கள், செய்யும்போது எப்படி இருக்கிறது என்று செய்கிறவர்களையே கேட்டவர்கள் குறைவு.

கேட்காதவர்களில் நானும் ஒருத்தி. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுதுவது நியாயமாக இருக்காது.

இருபது வருடங்களுக்கு முன்னால் வேறொரு பள்ளியில் வகுப்பாசிரியராக இருந்தேன். என் வகுப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவன். உட்கார்ந்தால் வலது கை மணிக்கட்டிலிருந்து ஆடிக்கொண்டே இருக்கும், பறவை எழும்பப் பார்த்துவிட்டு மறுபடி உட்காருவது போல. எனக்குத் தெரிந்த ஒழுங்கு கைகட்டி வாய்பொத்தி உட்காருகிற ஒழுங்குதான். "கையைக் கட்டு" என்பேன். கட்டுவான். ஐந்து நிமிடத்தில் கை அவிழ்ந்துவிடும். மறுபடி சொல்வேன். கடைசியில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னேன். சில மாதங்களில் கை நின்றுவிட்டது. மதிப்பெண் அட்டையில் "நல்ல முன்னேற்றம்" என்று என் கையாலேயே எழுதினேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்த மாணவர் என்னைத் தேடி வந்தார். இப்போது வேலைக்குப் போகிறார். என்மேல் கோபம் எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பேச்சோடு பேச்சாக, "டீச்சர், அந்த வருஷம் நீங்க நடத்தின பாடம் எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. கையை அசைக்காம வெச்சிருந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றார்.

அது எப்படி இருந்தது என்று கேட்டேன், கிட்டத்தட்ட இருபது வருடம் தாமதமாக. "தும்மலை அடக்கற மாதிரி. ஒரு தும்மலை அடக்கிடலாம். காலைல மணி அடிச்சதுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தும்மலை அடக்கிக்கிட்டே பெருக்கல் கணக்குப் போட முடியுமா?" என்றார். வீட்டுக்குப் போனதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் கையை உதறுவாராம். யாராவது கதவைத் தட்டினால் அலறுவாராம். "பள்ளிக்கூடத்தில் அவ்வளவு சமர்த்தாக இருக்கிற பிள்ளை வீட்டில் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறான்" என்று அவர் அம்மா புலம்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் அந்த அம்மாவிடம், வீட்டில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

உங்களில் சிலருக்கும் இந்தப் புலம்பல் இருக்கலாம். பள்ளியில் ஒரு குறையும் இல்லை, வீட்டு வாசலை மிதித்ததும் ரகளை என்றால் தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள். பகல் முழுக்கக் குழந்தை எதையாவது அடக்கிக்கொண்டிருக்கிறதா என்று நாங்கள் பார்க்க வேண்டும்.

சரி, இதை ஏன் செய்கிறார்கள்? ஒரே காரணம் கிடையாது. 2019-இல் ஓர் ஆய்விதழில் வந்த ஆய்வுக்காக ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் ஸ்டிம்மிங் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சத்தமும் வெளிச்சமும் ஒரேயடியாகத் தாக்கும்போது இது தங்களைத் தாங்கிப் பிடிக்கிறது, மனதில் பொங்குவது இதன் வழியாக வெளியேறுகிறது என்று பலரும் சொன்னார்கள். இதை அடியோடு நிறுத்தப் பார்க்கும் பயிற்சிகளை அவர்கள் விரும்பவில்லை.

உடம்பின் பக்கமிருந்து பார்த்தாலும் இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. அழுகிற கைக்குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டினால் அது அடங்குகிறது. உடம்பு ஆடுவதை உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தசைகளும் மூட்டுகளும் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் என்று சொல்கின்றன. ஒரே தாளத்தில் வருகிற இந்தச் செய்தி, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த செய்தி. சுற்றிலும் எதிர்பாராத சத்தங்களாக இருக்கிற நேரத்தில் அது ஒரு பிடிமானம். ஆட்டிசம் உள்ள பலருக்குக் காதும் கண்ணும் தோலும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்கின்றன. 2013-இல் திருத்தி வெளியிடப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில், ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாக இதையும் சேர்த்தார்கள்.

ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர் தன் சிறுவயதைப் பற்றிச் சொல்லியிருப்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். கடற்கரை மணலை விரல்களின் இடுக்கு வழியாக ஒழுகவிட்டு, ஒவ்வொரு மணியின் வடிவத்தையும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பாராம். அந்த நேரத்தில் மற்ற சத்தங்கள் எதுவும் அவரை எட்டாது. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று நாம் நினைக்கிற பிள்ளை, நாம் பார்க்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

என் பழைய மாணவரிடம் அப்புறம் நிறையப் பேசினேன். அவருடைய கையிலேயே மூன்று நான்கு பேச்சு இருக்கிறது. மகிழ்ச்சி என்றால் இரண்டு கையும் தோள் உயரத்துக்கு எழும்பி, விரல்கள் விரிந்து உதறும். பதற்றம் என்றால் கை கீழேயே இருக்கும், கட்டைவிரல் உள்ளங்கையை அழுத்தும். சலிப்பு என்றால் ஒரு நூலை விரலில் சுற்றி அவிழ்ப்பார். அவர் மனைவி அந்தக் கையைப் பார்த்தே, விருந்தாளிகள் நடுவிலிருந்து அவரை எப்போது வெளியே கூட்டிப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்வாராம். அந்தப் பேச்சைத்தான் நான் நிறுத்தினேன்.

இதை நம் பள்ளியிலும் கண்ணால் பார்த்தேன். ஒரு குழந்தை எழுதும்போது மெதுவாக "ம்ம்ம்" என்று முனகும். வகுப்பாசிரியர் அதை நிறுத்தவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பக்கத்து அறையில் மேசைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முனகலின் சுருதி ஏறியது, இடைவெளி குறைந்தது. ஆசிரியர் சத்தமில்லாமல் போய்க் கதவைச் சாத்தினார், காதில் மாட்டிக்கொள்ளும் சத்தம் குறைக்கும் ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். குழந்தை அதை எடுத்து மாட்டிக்கொண்டது. இரண்டு மூன்று நிமிடத்தில் சுருதி பழையபடி இறங்கியது, பென்சில் மறுபடி ஓடியது. முனகாதே என்று என்றைக்கோ வாயை அடைத்திருந்தால் அந்த எச்சரிக்கை ஆசிரியர் காதுக்கு வந்தே இருக்காது.

எல்லாருடைய ஸ்டிம்மிங்கும் கண்ணில் படும் என்று நினைக்காதீர்கள். நம் மாணவர் ஒருவரின் தாய், குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு தன்னையும் பரிசோதித்துக்கொண்டார். அவருக்கும் ஆட்டிசம்தான். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். சின்ன வயதில் திட்டு வாங்கி வாங்கி, யாருக்கும் தெரியாதபடி செய்யப் பழகிக்கொண்டாராம்: செருப்புக்குள் கால்விரல்களை மடக்கி விரிப்பது, பைக்குள் கையை விட்டுத் தையலை நகத்தால் வருடுவது, பல்லின் பின்பக்கத்தை நாக்கால் எண்ணுவது. கூட்டத்தில் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது என்றார். இப்படி மறைத்து மறைத்து வாழ்வதற்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். அமைதியான பெண் என்று நாம் பாராட்டுகிற குழந்தையின் அமைதிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவதில்லை. தலையைச் சுவரில் மோதுவது, ரத்தம் வரும்படி கையைக் கடிப்பது போன்றவை நடந்தால் உடனே தலையிடுகிறோம். ஆனால் அப்போதும் முதல் கேள்வி "ஏன்" என்பதுதான். சொல்லத் தெரியாத குழந்தைக்குக் காது வலியோ பல்வலியோ வயிற்று வலியோ இருக்கலாம், அதனால் மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. கடிக்கிற தேவை இருந்தால் கடிப்பதற்கென்றே செய்த பாதுகாப்பான பொருள் இருக்கிறது. மோதுகிற தேவை இருந்தால் சுவரை இரண்டு கையாலும் பலமாகத் தள்ளவோ, கனமான புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கவோ சொல்கிறோம். உடம்பு கேட்கிற அழுத்தம் காயமில்லாமல் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். திடீரென்று புதிதாக ஓர் அசைவு தொடங்கினாலோ, அசைவின்போது கூப்பிட்டும் குழந்தைக்கு நினைவே இல்லை என்று தோன்றினாலோ, ஸ்டிம்மிங்தான் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். வலிப்பாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் பிள்ளையும் பார்த்துப் பார்த்துக் கையை உதற ஆரம்பித்துவிட்டான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். குழந்தைகள் எல்லாவற்றையும் செய்து பார்ப்பார்கள். அவனுக்கு அது தேவையில்லை என்றால் சில நாளில் தானே விட்டுவிடுவான். பிடித்துப்போய்த் தொடர்ந்தால் அதிலும் கெடுதல் இல்லை. நீங்களும் நானும் தொலைபேசியில் பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறோம், யோசிக்கும்போது காலை ஆட்டுகிறோம், நகத்தைக் கடிக்கிறோம். ஆனால் கேலி செய்வதற்காகச் செய்து காட்டினால் அது வேறு. அதை நாங்கள் விட மாட்டோம், நீங்களும் விடாதீர்கள்.

சத்தம் மற்றவர்கள் படிப்பைக் கெடுக்காதா என்ற கேள்வி நியாயமானது. சில நேரம் கெடுக்கும். அப்போது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வழி தேடுகிறோம். முனகுகிற குழந்தைக்குக் கதவோரம் இடம், தேர்வு என்றால் தனி அறை. சத்தம் தாங்காத பக்கத்துக் குழந்தைக்கும் இடம் மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. அந்தக் குழந்தைக்கும் ஆட்டிசம் இருக்கலாம். ஒருவருக்கு ஆறுதலான சத்தம் இன்னொருவருக்கு ஊசி குத்துவது போல இருப்பதும் உண்டு. இதற்கு ஒரே விடை என்னிடம் இல்லை, ஒவ்வொரு வகுப்பிலும் பேசிப் பேசித்தான் சரி செய்கிறோம்.

இனி "கையை அடக்கு", "ஆடாதே", "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்ற மூன்றையும் நம் வகுப்புகளில் சொல்லக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டு எழுத விரும்புகிற எந்தக் குழந்தையும் பின்வரிசையில் நிற்கலாம். கையில் சத்தமில்லாத சிறு பொருள் வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. இதற்கு எந்தச் சான்றிதழும் கேட்க மாட்டோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் செய்கிறது என்று உங்கள் குழந்தை கேட்டால், "உஷ்" என்று சொல்லிப் பேச்சை மாற்றாதீர்கள். "நீ சந்தோஷம் வந்தால் குதிப்பாய் இல்லையா, அந்தப் பிள்ளையின் கைகள் குதிக்கின்றன. சில நேரம் சத்தம் அதிகமாகி பயம் வந்தாலும் அப்படிச் செய்யும். உனக்குத் தெரிய வேண்டுமானால் 'ஏதாவது வேணுமா?' என்று கேள்" என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கு இது போதும். ஒருமுறை கேட்டுவிட்டு அடுத்த நிமிடம் விளையாடப் போய்விடுவார்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்காக ஒரு சந்திப்பு வைத்திருக்கிறோம். என் பழைய மாணவர் வந்து பேசச் சம்மதித்திருக்கிறார். அவர் கேட்டது மூன்றுதான்: பேசி முடித்ததும் கைதட்ட வேண்டாம், தலைக்கு மேல் இருக்கும் குழல்விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், பேசும்போது நூலைச் சுற்றிக்கொண்டுதான் இருப்பேன். உட்கார முடியாதவர்கள் பின்னால் நடந்துகொண்டே கேட்கலாம். நான் முன்வரிசையில் உட்காரப் போகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்