லேசர் வைக்கும் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சை முடிந்த நாய்களுக்கு, வலி குறைந்து சீக்கிரம் தேறட்டும் என்று தோலின் மேல் வெளிச்சம் காட்டி லேசர் வைக்கும் உங்கள் எல்லோருக்கும், இனிமேல் அந்த மெஷினை வாங்கப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். லேசர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் நாய்க்கு அது இதமாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அதே வெளிச்சம் அவள் தொடையில் சூடு வைத்ததையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்பதுதான் இந்த மடல்.

ஜூலி ஏழு வயது டாஷ்ஹண்ட். மினுமினுக்கும் கருப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு. ஒரு நாள் சாயங்காலம் சோபாவிலிருந்து குதித்தவள் வீல் என்று கத்தினாள். காலையில் பின்னங்கால் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். குட்டைக் காலும் நீள முதுகுமாக இருக்கும் இந்த இனத்துக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் சீக்கிரமே கெட்டிப்பட்டு, பிதுங்கி, தண்டுவடத்தை அழுத்திவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முதுகெலும்பின் ஒரு பக்கத்தைத் திறந்து அழுத்தத்தை எடுத்தார்கள். செய்தவர் கை நல்ல கை. தையல் அவ்வளவு சுத்தம்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். ஒரு நாளைக்கு நான்கு தடவை அடிவயிற்றை அமுக்கி மூத்திரம் எடுக்க வேண்டும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கூண்டை விட்டு வெளியே விடக்கூடாது. மூன்றாவது வாரம், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் லேசர் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். பத்து சிட்டிங், மொத்தப் பணமும் முதலிலேயே. பத்தாவது முடியும்போது ஓடுவாள் என்றார்கள். சரி என்று கட்டிவிட்டேன். அந்த நிலையில் யார் என்ன சொன்னாலும் கட்டியிருப்பேன்.

உதவியாளர் தம்பி ஒருவர் வந்து மெஷினைப் போட்டார். முதுகிலும் தொடையிலும் முடிக்கு மேலேயே வைத்தார். அவருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி இல்லை, எனக்கும் இல்லை, ஜூலியின் கண்ணையும் யாரும் மூடவில்லை. "எவ்வளவு வைக்கிறீங்க தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் மெஷின்லயே செட் பண்ணியிருக்குக்கா" என்றார். லேசர் வைப்பதால் வலி மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி ஜூலி சாப்பிடவில்லை. உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது சிட்டிங்கில் ப்ரோப், அதாவது வெளிச்சம் வரும் கைப்பிடி, தொடையில் ஒரே இடத்தில் நின்றபோது அவள் திடுக்கென்று தலையைத் திருப்பினாள். உணர்ச்சியே வராதோ என்று நான் பயந்துகொண்டிருந்த கால் அது. ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து முடியை விலக்கிப் பார்த்தால், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் சிவந்து கன்றியிருந்தது.

மீதி ஏழு சிட்டிங்கை விட்டுவிட்டேன்.

அப்புறம் பார்த்த மருத்துவர் முதலில் செய்தது மாத்திரையைத் திரும்பத் தொடங்கியது. அடுத்து, வைக்கப்போகும் இடத்தில் முடியை மழித்தார். கருப்பு முடி வெளிச்சத்தை உறிஞ்சி அங்கேயே சூடாக்கிவிடும், தசைக்குப் போக வேண்டியது போகாது, தோல்தான் வேகும் என்றார். எங்கள் எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்தார். ஜூலி கண்ணுக்கும் ஒன்று. ப்ரோப்பை நிறுத்தாமல், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி நகர்த்திக்கொண்டே இருந்தார். மூன்றாவது நிமிடம் ஜூலி தாடையை என் கையில் வைத்துக் கண்ணை மூடிவிட்டாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் உடம்பு தளர்ந்து படுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

கணக்கையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வெளிச்சத்தின் சக்தியை ஜூலில் அளப்பார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8 ஜூல் கொடுக்க வேண்டும், இடம் 100 சதுர சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 800 ஜூல். 10 வாட் மெஷின் நொடிக்கு 10 ஜூல் கொடுக்கும், அதில் அது 80 நொடி. அரை வாட் மெஷினில் 1,600 நொடி, கிட்டத்தட்ட 27 நிமிடம். "பத்து நிமிஷம் லேசர் வைத்தோம்" என்று சொன்னால், எந்த மெஷினில், எவ்வளவு இடத்தில் என்று தெரியாமல் அது எதையுமே சொல்லாது. குறைந்தால் பலன் இல்லை, கூடினால் கிடைக்க வேண்டிய பலனும் போய்விடும். அரை வாட்டுக்கு மேல் போகும் நான்காம் வகை லேசர் என்றால் சூடும் சேர்ந்துகொள்ளும்.

அவர் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. அதனாலேயே வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1960களில் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் மழித்த எலிகளின் மேல் லேசர் காட்டியபோது முடி வேகமாக வளர்ந்ததாம். அங்கே தொடங்கிய கதை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா சிவப்பையும் அதற்கு அடுத்த அகச்சிவப்பையும் உள்வாங்கிக் கூடுதல் சக்தி உண்டாக்குகிறது என்பதுதான் இன்றைக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். ஜூலிக்கு நடந்த அதே அறுவை சிகிச்சை செய்த 36 நாய்களை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. லேசர் வைத்தவற்றில் பாதி மூன்றரை நாளுக்குள் நடக்கத் தொடங்கின. வைக்காதவற்றுக்கு அதே நிலை வர 14 நாள் ஆனது. படித்துவிட்டு அழுதேன். ஆனால் 2017இல் 32 நாய்களிடம் செய்த இன்னொரு ஆய்வில் குறிப்பிடும்படியான வித்தியாசமே தெரியவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சையிலும் இப்படித்தான்: லேசர் வைத்த நாய்கள் எட்டாவது வாரம் அந்தக் காலை நன்றாக ஊன்றின என்று ஓர் ஆய்வு, எலும்பு கூடுவதில் மாற்றமில்லை என்று ஒன்று.

இதை எங்களிடம் சொல்லுங்கள் டாக்டர். "உதவக்கூடும், உறுதியில்லை, வலி மாத்திரையோடும் ஓய்வோடும் சேர்த்து வைக்கிறேன்" என்று சொன்னால் நாங்கள் ஓடிவிட மாட்டோம். நாயைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறவர்களிடம் பத்தாவது சிட்டிங்கில் ஓடும் என்று மட்டும் சொல்லாதீர்கள். லேசரைக் காரணம் காட்டி வலி மாத்திரையை நிறுத்தாதீர்கள். வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. கட்டி இருக்கிறதா, சினையா என்று கேட்காமல் ப்ரோப்பை எடுக்க வேண்டாம். புற்றுக் கட்டியின் மேலும் சினை வயிற்றின் மேலும் வைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், மெஷினைப் பிடிக்கும் அந்தத் தம்பிக்கும் தெரிய வேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொன்று. சென்னை வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் மண் இது. வெள்ளை முடியும் இளஞ்சிவப்புத் தோலுமான ராஜபாளையத்துக்கும் என் ஜூலிக்கும் ஒரே அளவு எப்படிச் சரிவரும்? சிப்பிப்பாறைக்கு எவ்வளவு, தெருவில் வண்டி மோதிக் கால் ஒடிந்து வரும் நாட்டு நாய்க்கு எவ்வளவு? வெளிநாட்டில் செட் பண்ணி வந்த மெஷினில் இதற்குப் பதில் இருக்காது. உங்கள் கேஸ் ஷீட்டில்தான் வர வேண்டும். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் நான்கு வரி எழுதி, நான்கு கிளினிக் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் இரண்டு மூன்று வருடத்தில் நம் நாய்களைப் பற்றி நாமே பேசலாம்.

ஜூலி இப்போது நடக்கிறாள். இடது பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும். லேசரால் நடந்தாளா, அறுவை சிகிச்சையாலா, ஓய்வாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, இரண்டாவது மருத்துவரும் சொல்லவில்லை. அவர் எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது: தேதி, இடம், அலைநீளம், வாட், நொடி, மொத்த ஜூல், முடி மழித்ததா, அன்றைக்கு நாய் எப்படி இருந்தது. அரைப் பக்கம்தான். கடைசி வரியில் "தூங்கிவிட்டாள்" என்று எழுதியிருக்கிறார். யார் கேட்டாலும் நகல் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஜூலியை வளர்ப்பவள்