பேரேடுகளை எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூடப்பட்டு வரும் பழைய மளிகைக் கடைகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பித்தளைத் தராசு, தகர டப்பாக்கள், உத்தரத்திலிருந்து தொங்கும் நூல்கண்டு என்று ஒவ்வொரு படத்தையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் அப்படி ஒரு கடையில் வளர்ந்தவள். எங்கள் சாத்தூர்ப் பக்கம் மளிகைக் கடை என்று சொல்ல மாட்டோம், பலசரக்குக் கடைதான்.

அந்தக் கட்டுரையில் கணக்கேடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் குறை. தராசை யாரும் தூக்கி எறிவதில்லை. பழம்பொருள் வாங்குகிறவர்கள் வீடு தேடி வந்து காசு கொடுத்து எடுத்துப் போகிறார்கள். பேரேட்டைக் கேட்டு யாரும் வருவதில்லை.

தாத்தா ஆரம்பித்து அப்பா நடத்திய கடையை 2018 தை மாதம் மூடினோம். பரண் முழுக்க நீள நீளமான, சிவப்புத் துணி அட்டை போட்ட ஏடுகள். கரையான் வந்துவிடும் என்று பயந்து, நாங்களே ஆட்டோவில் ஏற்றிப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. பூஜை அறையில் வைத்திருந்ததால் மூன்று ஏடுகள் மட்டும் தப்பின.

அவற்றில் ஒன்று ஏவிளம்பி வருடத்து ஏடு, அதாவது 1957 சித்திரையில் தொடங்கியது. எங்கள் கடையில் சித்திரை முதல் நாள்தான் புதுக்கணக்கு. ரூபாய்க்கு 16 அணா என்ற பழைய கணக்கு போய், ரூபாய்க்கு 100 என்று நயா பைசா வந்தது அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான். புதுக் காசு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, ஓரங்களில் மஞ்சள், அட்டையின் உள்பக்கம் தாத்தா கையால் எழுதி ஒட்டிய ஒரு வாய்பாடு. ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஓரணா ஓரணாவாக மூன்று தடவை வாங்கினால் 18, மூன்றணாவாகச் சேர்த்துக் கொடுத்தால் 19. இந்த ஒரு பைசாவுக்காக எத்தனை பேர் கடை வாசலில் நின்று வாதாடியிருப்பார்கள்! தாத்தா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். சரக்கு வாங்கிய மொத்த வியாபார மண்டிக்குக் கொடுத்ததை எல்லாம் நயா பைசாவிலும், தெருக்காரர்கள் கடனாக வாங்கிய பற்றை அணாவிலும் எழுதி, மாதக் கடைசியில் மொத்தமாக மாற்றியிருக்கிறார். ஒரு சட்டம் சாதாரண மக்களின் கைக்கு வந்து சேர்ந்த கதையை நான் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகப் பார்த்ததில்லை.

அடுத்த ஏட்டில் வீசையும் கிலோவும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஒரு வீசை என்றால் 40 பலம், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். புளி, வத்தல், மல்லி எல்லாம் விருதுநகரிலிருந்து வந்திருக்கின்றன. சரக்கு வந்த தேதி, மூட்டை விலை, வண்டிக் கூலி, மகமை என்று எல்லாமே இருக்கிறது. மகமை என்பது வியாபாரிகள் விற்றதில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வைப்பது. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படிச் சேர்ந்த பணத்திலும், வீட்டுக்கு வீடு வாங்கிய பிடியரிசியிலும் வளர்ந்த பள்ளிதான். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு போனது என்பதை வரி வரியாகச் சொல்லக்கூடிய ஏடுகள் எங்கள் மாவட்டத்தில் எத்தனை பரண்களில் கிடக்கின்றனவோ!

அப்புறம் பற்றுக் கணக்கு. அதைப் படித்தால் ஒரு தெருவே கண் முன்னால் வந்து நிற்கிறது. தீப்பெட்டி ஆபீசில் சனிக்கிழமை சம்பளம் போட்டதும் வரவு விழுகிறது. மழை இல்லாத வருடத்தில் அரிசிப் பற்று குறைந்து சோளமும் கேப்பையும் கூடுகின்றன. ஒரு வீட்டுக் கணக்கில் திடீரென்று பனங்கற்கண்டும் சுக்கும் பூண்டும் வாங்கியிருக்கிறார்கள். குழந்தை பிறந்திருக்கிறது!

இந்த ஏடுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான் என் பெரிய கவலை. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. அரைக்கால், மாகாணி, வீசம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி. இந்தப் பின்னக் குறிகளுக்கு 2019இல், கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான உலகப் பொதுப் பட்டியலான யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எழுத்து எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எனக்கே சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டினால்தான் புரிகிறது.

செய்ய முடியாத காரியம் இல்லை. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் கிடந்த குடும்பப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிப் போய்ப் பதிவு செய்தது. போட்டோவுக்குச் செய்ததைப் பேரேட்டுக்கும் செய்யலாம். விருதுநகர், சிவகாசி, மதுரைக் கல்லூரிகளில் வணிகவியலும் வரலாறும் படிக்கிற பிள்ளைகளை ஒரு விடுமுறைக்கு அனுப்பினால், செல்போன் கேமராவிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடலாம். ஏடு அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அந்த ஏடுகளில் கடன்பட்டவர்களின் பெயர் இருக்கிறது, சாதி இருக்கிறது. எந்தக் குடும்பம் எத்தனை மாதம் பாக்கி வைத்தது என்பதை அவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரறியப் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது. பெயரை மறைத்துவிட்டுத்தான் வெளியே காட்ட வேண்டும். நம்பிக் கடன் வாங்கியவர்களுக்குக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையாக நான் பட்டிருக்கிற கடமை அது.

உங்கள் பத்திரிகை எங்கள் ஊர்களில் கடைக்குக் கடை வருகிறது. "பழைய கணக்கேடு இருந்தால் எடைக்குப் போடாமல் எங்களுக்கு ஒரு கார்டு எழுதுங்கள்" என்று வாராவாரம் நாலு வரி போட்டால் போதும், பரணிலிருந்து ஏடுகள் கீழே இறங்கிவிடும்.

என்னிடம் இருக்கிற மூன்றையும் யார் வந்து கேட்டாலும் காட்டத் தயாராக இருக்கிறேன். முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு இப்போது வயது 84. கண் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் காலை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தால் எந்தக் குறியையும் தடுமாறாமல் படிக்கிறார். வருகிறவர்கள் காலையிலேயே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பலசரக்குக் கடைக்காரரின் மகள்,
சாத்தூர்.