தேன்மயங்கு பாலினும் இனிய: கோத்தகிரிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள கோத்தகிரி ஊர்மக்களுக்கும், குன்னூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து பார்த்தவர்களுக்கும் வணக்கம்.

சங்க அகப்பாடல்களில் வரும் உணவையும் காமத்தையும் வைத்து நாம் நடத்திய கலைக் கண்காட்சி நல்லபடியாக நிறைவடைந்தது. வாசலில் என் பெயர் மட்டும் எழுதியிருந்தது. உள்ளே தொங்கியதும் மணத்ததும் சொட்டியதும் உங்கள் அடுப்படியிலிருந்தும் உங்கள் காட்டிலிருந்தும் வந்தவை. யாரிடமிருந்து எது வந்தது என்பதை எல்லோரும் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற நம் தமிழாசிரியர் ஐயாவிடமிருந்து தொடங்குகிறேன். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது “தெய்வம் உணாவே” என்று தொடங்குகிறது. தெய்வத்தை அடுத்து உணவு. மரமும் பறவையும் பறையும் அதற்குப் பிறகுதான். ஐயா இதைச் சொன்ன மாலையில்தான் என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்கே தெளிந்தது. குறுந்தொகையின் 401 பாடல்களையும் தேனையும் தயிரையும் பழத்தையும் தேடிக்கொண்டே என்னுடன் மறுபடி படித்தார். உ.வே.சா. 1937-இல் வெளியிட்ட பதிப்பின் உரை எப்போதும் அவர் மடியில் இருந்தது. “காமமோ பெரிதே” என்ற கபிலர் வரிக்கு வந்தபோது அவர் குரல் தாழவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அதே குரலில் படித்தார். இந்தப் பாடல்களை எழுதியவர்கள் கூசவில்லை. கூச்சம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கூச்சத்தை நேரிலும் பார்த்தோம். இடம் தருவதாகச் சொல்லியிருந்த ஒருவர், பாடல்களின் பொருளைப் படித்ததும் மறுத்துவிட்டார். அன்று மாலையே தன் பழைய தேயிலைக் கிடங்கின் சாவியை என் கையில் கொடுத்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? வாடகை பற்றி அவர் பேசவே இல்லை. “பாட்டில் இருப்பதைத்தானே மாட்டப்போகிறாய்?” என்று மட்டும் கேட்டார்.

கிடங்கின் நடுவில் தொங்கிய பலாப்பழம் பர்லியாற்றிலிருந்து வந்தது. மலைநாட்டானுக்கு வேரில் பழுக்கும் பலா வாய்த்திருக்கிறது; தாங்க நிலம் இருக்கிறது. தலைவியின் உயிரோ சிறு கொம்பு, அவள் காமமோ அதில் தொங்கும் பெரும்பழம் என்று கபிலரின் தோழி அவனிடம் சொல்கிறாள். இந்தப் பாடலைப் பழக்கடைப் பெரியவரிடம் சொன்னதும் அவருக்கு உரையே தேவைப்படவில்லை. மெல்லிய கொம்போடு பெருத்த பழம் ஒன்றைத் தேடித் தோப்புத் தோப்பாக அலைந்து எடுத்துத் தந்தார். மலைப்பாதை வளைவுகளில் அது அடிபடாமல் இருக்க வைக்கோல் பரப்பி ஜீப்பில் கொண்டுவந்த தம்பி, குன்னூர் வரும்வரை ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வந்த அவன் நண்பன், இருவருக்கும் நன்றி. பழம் பழுக்கப் பழுக்க, கிடங்கின் பலகைகளில் ஊறிக் கிடந்த தேயிலை மணத்தோடு அதன் மணமும் கலந்தது. வந்தவர்கள் அதற்குக் கீழே நிற்கத் தயங்கினார்கள். எப்போது விழுமோ என்று அண்ணாந்து பார்த்தார்கள். தோழி தலைவனுக்கு உணர்த்த விரும்பியது இந்தப் பதற்றத்தைத்தான். கடைசி நாளில் பழத்தை அறுத்துச் சுளைகளைப் பகிர்ந்தோம். குழந்தைகள் கொட்டைகளைக்கூட விடாமல் சுட்டுத் தின்ன எடுத்துப்போனார்கள்.

தேன் தந்த, நம் மலைப் பழங்குடியினரான குறும்பர் அண்ணன்மாருக்கு நான் பட்ட கடன் பெரிது. “கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும்” நாட்டைப் பாடிய பாட்டை நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். பாறையில் தொங்கும் அடையிலிருந்து தேனை எடுக்க ஓர் உடல் என்ன செய்ய வேண்டும் என்பதை இவர்கள்தான் எனக்குக் காட்டினார்கள். கொடிக்கயிற்றில் ஒருவர் இறங்கும்போது மேலே கயிற்றைப் பிடிப்பவர் அவருடைய மனைவியின் உடன்பிறந்தவராக இருப்பது வழக்கம் என்றார் மூத்த அண்ணன். தங்கை தாலியோடு இருக்க வேண்டும் என்று நினைப்பவன் கயிற்றை விடமாட்டான். இதைக் கேட்ட பிறகு, சங்கப் பாடல்களில் தேனும் காதலும் சேர்ந்தே வருவதை வெறும் அழகாக என்னால் எண்ண முடியவில்லை. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. நீலகிரியில் பரவலாகப் பூத்தது 2018-இல். இனி 2030 வரை காத்திருக்க வேண்டும். அதனால் பூவை விட்டுவிட்டுக் கருங்கோலை, அதன் கரிய தண்டை மட்டும் கரித்துண்டால் வரைந்தேன். பூ இருக்க வேண்டிய இடங்களில் அவர்கள் தந்த தேனை வைத்தேன்.

“பாலொடு தேன்கலந் தற்றே” என்ற குறளுக்காக வைத்த கிண்ணமும் அவர்கள் தேனால்தான் நிறைந்தது. காதலியின் வாயில் ஊறும் நீரைப் பாலும் தேனும் கலந்தது என்று சொல்கிற குறள் அது. தேன் மேலிருந்து சொட்ட, கீழே பால். இரண்டாம் நாளே தேனீக்கள் வந்துவிட்டன. அவற்றை விரட்டாமல் மல்துணி கட்டிக் காத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்ததும் அந்த அண்ணன்மார்தான். நாள்தோறும் விடியற்காலையில் பாலை மாற்றித் தந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் என் வணக்கம்.

வேங்கைப் பிசினும் இலைச்சாறும் கொண்டு மேற்குச் சுவர் முழுவதும் தினைப்புனத்தைத் தீட்டிய குறும்பர் ஓவியருக்கு, நன்றியோடு மரியாதையும். வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது என்று பொருள். கிளி ஓட்டப்போன பெண் வீடு திரும்பியாக வேண்டும். காதலனைப் பார்ப்பது நின்றுபோகும். பிரிக்கிற மரத்தின் பிசினாலேயே அவர்கள் கூடிய இடத்தை வரைந்தார் அவர். அந்தச் சுவர் அவருடைய படைப்பு. என் பெயரில் யாரும் அதைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி, சேலைகள். கூடலூர் கிழாரின் பாட்டில் ஒரு பெண் காந்தள் போன்ற மெல்விரலால் முற்றிய தயிரைப் பிசைகிறாள். பிசைந்த விரலை உடுத்த துணியில் துடைத்துக்கொள்கிறாள், மாற்றவில்லை. தாளிப்புப் புகை மையிட்ட கண்களில் படிகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்கிறது. காமத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்தப் பாட்டை நான் படித்த காதல் பாடல்களிலெல்லாம் மிக நெருக்கமானதாகக் கருதுகிறேன். அதற்காகத்தான், சமைக்கும்போது கைதுடைத்த சேலையைத் துவைக்காமல் தர முடியுமா என்று வீடு வீடாகக் கேட்டேன். நீங்கள் தந்தீர்கள். மஞ்சள் விரல்தடம் பதிந்த முந்தானை, தயிர் காய்ந்து விறைத்த கொசுவம், கடுகு தெறித்துப் பொத்தல் விழுந்த நூல்சேலை. அழுக்குச் சேலையைப் பலர் பார்க்கக் கொடுக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்பதை நான் உணர்ந்தே வாங்கிக்கொண்டேன். ஒரு பெரியவர் வரிசையில் நடந்துகொண்டிருந்தவர், ஓர் இடத்தில் நின்று “இது எங்கள் வீட்டுச் சேலை” என்றார். தன் மனைவி எந்தக் குழம்பு வைத்த நாளில் அந்தக் கறை விழுந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய மனைவி பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் “நுண்ணிதின் மகிழ்ந்தன்று” என்ற வரி விளங்கியிருக்கும்.

சோலை ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த இளைஞர்களுக்கு நன்றி. நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, அவன் நாட்டில் மான் குடித்து மிஞ்சிய கலங்கல் நீர் இனியது என்று ஐங்குறுநூற்றில் ஒருத்தி சொல்வாளே, அந்தப் பாட்டின் முன் மண்குவளைகளில் இந்த நீரைத்தான் வைத்திருந்தோம். தினைமாவும் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் சமைத்துப் பரிமாறிய மகளிர் குழுவினருக்கும், மழையில் மின்சாரம் போன இரவில் விளக்கு கொண்டுவந்த தேநீர்க்கடை அண்ணனுக்கும் நன்றி.

விற்ற ஓவியங்களின் தொகையில் தேனுக்கும் சுவரோவியத்துக்கும் பேசியபடி பங்கு கொடுத்தாகிவிட்டது. கணக்கு நோட்டு கிடங்கிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சேலைகளை இன்னும் வாங்கிக்கொள்ளாதவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் நான் துவைக்கவில்லை. என்னிடமே இருக்கட்டும் என்று சொன்ன தாய்மார்களின் சேலைகளைப் பத்திரமாக வைத்திருப்பேன்; அடுத்து எங்கே மாட்டினாலும் உங்களிடம் கேட்டுவிட்டே மாட்டுவேன்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் ஊர் ஓவியர்
கோத்தகிரி